இரண்டு பெயர், ஒரே போர்டு

உள்ளே எல்லாம் ஒண்ணுதானா?

கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒரே அளவு, ஒரே கறுப்பு நிறம், பின்னால் ஒரே மாதிரித் துளைகள். பெயர் மட்டும் வேறு. விலையிலும் கொஞ்சம் வித்தியாசம். "உள்ளே எல்லாம் ஒண்ணுதானே?" என்று கேட்கிறோம். "அதெப்படி சார், இது கம்பெனி ஐட்டம்" என்கிறார் கடைக்காரர். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. பெயர் ஒன்றேதான், மாடல் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருக்கும். அந்த ஓர் இலக்கம் எதற்காகக் கூடியது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்க மாட்டார்கள். பல நேரம் விற்பவருக்கும் தெரிந்திருக்காது.

மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் விடை கிடைக்கும். உள்ளே தெரியும் பச்சைப் பலகையைப் பாடநூல்கள் மின்சுற்றுப்பலகை என்கின்றன. பழுது பார்ப்பவர்களுக்கு அது போர்டு. இந்த அத்தியாயத்தில் நாமும் போர்டு என்றே சொல்வோம்.

ஆனால் எதையும் எதையும் ஒப்பிட்டால் பயனில்லை. ஒரே வேலையைச் செய்யும் பெட்டிகள் வேண்டும். ஒரே காலத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் போர்டில் தெரியும் வித்தியாசம் செய்தவரின் முடிவு என்று தைரியமாகச் சொல்ல முடியும். அமெரிக்காவில் 2008-இல் விற்பனைக்கு வந்த டிஜிட்டல் டிவி கன்வர்ட்டர் பெட்டிகள் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகின்றன.

நாற்பது டாலர் அட்டை

அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்கு மாறுவது என்று அமெரிக்கா முடிவு செய்தபோது அதற்கு முதலில் குறித்த நாள் 2009 பிப்ரவரி 17. மக்கள் தயாராகவில்லை என்று பிறகு அது ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. கேபிள் இல்லாமல், ஆன்டெனா வைத்து இலவசமாகப் பார்த்துவந்த வீடுகளுக்குத்தான் சிக்கல். அவர்களின் பழைய டிவிக்கு டிஜிட்டல் புரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டியை வாங்க அரசே பணம் கொடுத்தது. வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர், கிரெடிட் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையாகத் தபாலில் வரும். தபாலில் போட்ட நாளிலிருந்து 90 நாளில் செல்லாமல் போய்விடும். ஒரு பெட்டிக்கு ஒரு கூப்பன்தான். இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டிக்குக் கொடுக்க முடியாது.

நம் வீட்டுக் கேபிள் செட்டாப் பாக்ஸ் வேறு வகை. அது நாம் பணம் கட்டினோமா என்று பார்த்துவிட்டுத்தான் படத்தைத் திறக்கும். அமெரிக்கக் கன்வர்ட்டர் பெட்டியில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. காற்றில் வருவதைப் பிடித்துப் பழைய டிவிக்குப் புரியும்படி மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

அரசு பணம் கொடுத்தால் நிபந்தனையும் கூடவே வரும். கூப்பனுக்குத் தகுதி பெற என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், என்னென்ன இருக்கக் கூடாது என்று இன்னொன்று. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளும், பழைய டிவியின் 3 அல்லது 4-ஆம் சேனலுக்குப் படத்தை அனுப்பும் ஆன்டெனாத் துளையும் கட்டாயம். உறங்கும்போது 2 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கக் கூடாது. எச்டிஎம்ஐ கூடாது, பதிவு செய்யும் வசதி கூடாது. டிஜிட்டலைப் பழைய டிவிக்கு மாற்றுவது தவிர வேறு சொகுசுக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்பது சட்டத்தின் எண்ணம். இவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒரு வகையும் இருந்தது: வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. நம் கதை இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறது.

பெட்டிக்கு மூன்று வேலை

முதல் வேலை, காற்றில் பல சேனல்கள் கலந்து வருவதிலிருந்து கேட்ட சேனலை மட்டும் பிரித்தெடுப்பது. இதைச் செய்வது ட்யூனர். எவ்வளவு மெலிந்த சிக்னலைப் பிடிக்க வேண்டும் என்றும் விதி சொன்னது. ஒரு வாட்டை லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் அதில் சுமார் ஐந்து பங்கு. அவ்வளவு சிறிய மின்சக்தி ஆன்டெனா வழியாக வந்தாலும் படம் தெரிய வேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தேவைப்படும்.

இரண்டாவது வேலை, பிடித்த அலையிலிருந்து எண்களை மீட்பது. பெரிய கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசினால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பேச்சோடு கலந்து ஒன்றும் விளங்காமல் போகுமே, அதுபோல டிவி அலையும் கட்டடங்களிலும் மலைகளிலும் பட்டுத் தாமதமாக வந்து நேர் அலையோடு கலக்கும். இந்த எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு வினாடிக்குச் சுமார் 1 கோடியே 94 லட்சம் பிட்டுகளைச் சரியாக எழுப்ப வேண்டும். தொடக்க கால டிஜிட்டல் டிவி சிப்புகள் இந்த இடத்தில்தான் திணறின. நல்ல பெட்டிக்கும் சுமாரான பெட்டிக்கும் உள்ள உண்மையான இடைவெளியும் இங்கேதான்.

மூன்றாவது வேலை, சுருக்கி அனுப்பப்பட்ட படத்தை விரிப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலையம் அனுப்புவது பெரும்பாலும் எச்டி படம்: 1920-க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேலான புள்ளிகள். பழைய டிவிக்குத் தேவையோ அதில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் சுருக்கத்தைப் பிரிக்காமல் படத்தைச் சிறிதாக்க முடியாது. எனவே இந்த மலிவுப் பெட்டி எச்டி டிவி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிட்டு, ஆறில் ஐந்து பங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மஞ்சள் துளை வழியே அனுப்புகிறது. சிப்பால் முடியாததால் அல்ல, விதி அனுமதிக்காததால்தான் பின்பக்கத்தில் எச்டி துளை இல்லை.

போர்டைப் படிக்கும் முறை

போர்டு புதியவருக்கு ஒரே குழப்பமாகத் தெரியும். மின்சாரம் நுழையும் மூலையிலிருந்து தொடங்கினால் வழி புலப்படும்.

மின்வயர் வந்து சேரும் இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் நிற்கும். நம் மெக்கானிக்குகளில் பலர் கண்டன்சர் என்று சொல்லும் அதே பொருள்தான். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் நாடா சுற்றிய சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர். அதன் அடியில் பலகையில் ஒரு நீள ஓட்டை அறுத்துவிட்டிருப்பார்கள். அது அச்சுப்பிழை அல்ல. ஓட்டைக்கு ஒரு பக்கம் வீட்டு மின்சாரம், மறுபக்கம் தொட்டாலும் ஒன்றும் செய்யாத 5 வோல்ட், 3.3 வோல்ட். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் பலகையின் மேல் ஊர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. சில மாடல்களில் இந்த மூலையே இருக்காது. அடாப்டரைத் தனியாக வெளியே கொடுத்திருப்பார்கள். போர்டு சிறியதாகும், உள்ளே சூடும் குறையும். வெளி அடாப்டர் உள்ள மாடலே எனக்குப் பிடிக்கும்: கெட்டுப்போனால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

ஆன்டெனாத் துளையை ஒட்டி நாலு பக்கமும் மூடிய தகரப் பெட்டி ஒன்று இருந்தால் அது ட்யூனர். மற்ற சிப்புகளின் இரைச்சல் உள்ளே நுழையாமல் இருக்கத்தான் அந்தத் தகரக் கூடு. நடுவில் பெரிய சதுரச் சிப். அதற்கும் பக்கத்து நினைவகச் சிப்புக்கும் நடுவே உள்ள செம்புக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சில கோடுகள் நேராகப் போகாமல் வேண்டுமென்றே வளைந்து வளைந்து போகும். அருகே உள்ள கோடு சுற்றிப் போக வேண்டியிருந்தால் நேராகப் போகக்கூடியதையும் வளைத்து நீளத்தைச் சமமாக்குவார்கள். ஒன்றாகக் கிளம்பிய பிட்டுகள் ஒன்றாகவே போய்ச் சேர வேண்டும். இந்த வளைவுகளின் வடிவம் வரைந்தவரின் கையெழுத்து. இரண்டு பெட்டிகளில் அந்த வளைவுகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், மூடியில் என்ன பெயர் இருந்தாலும் இரண்டையும் வரைந்த கை ஒன்று.

900-க்கும் 901-க்கும் நடுவே

இப்போது நான்கு பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஜெனித் டிடிடி900, ஜெனித் டிடிடி901, இன்சிக்னியா என்எஸ்-டிஎக்ஸ்ஏ1, இன்சிக்னியா என்எஸ்-டிஎக்ஸ்ஏ1-ஏபிடி. பெயரை வைத்துப் பிரித்தால் ஜெனித் இரண்டு, இன்சிக்னியா இரண்டு.

ஜெனித் பழைய அமெரிக்கக் கம்பெனி. அந்நாட்டு டிஜிட்டல் ஒளிபரப்பில் அலையின் மேல் எண்களை ஏற்றும் முறையே அதன் பொறியாளர்கள் உருவாக்கியதுதான். 1995-இல் கொரியாவின் எல்ஜி அதில் பெரும்பங்கை வாங்கியது. 1999-இல் முழுவதும் எல்ஜி வசமானது. இன்சிக்னியாவோ பெஸ்ட் பை என்ற கடைத்தொடரின் சொந்த பிராண்டு. கடைக்குத் தொழிற்சாலை கிடையாது. செய்பவரிடம் வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்கும். இந்தப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது எல்ஜி. நான்கு பெட்டிகளும் ஒரே சமையலறையில் வெந்தவைதான்.

அப்படியானால் 900-க்கும் 901-க்கும் என்ன வித்தியாசம்? விடை அந்த மூன்றாவது பட்டியலில் இருக்கிறது. அனலாக்கை நிறுத்தும் உத்தரவு பெரிய நிலையங்களுக்குத்தான். குறைந்த சக்தியில் ஒளிபரப்பும் சிறு நிலையங்கள் அனலாக்கிலேயே தொடரலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் ஆன்டெனா வயரைக் கழற்றி 900-இல் செருகி, 900-இலிருந்து டிவிக்கு வயர் இழுத்தால் பெரிய நிலையங்கள் எல்லாம் வரும். ஊர்ச் செய்தி சொல்லும் சின்ன நிலையம் மட்டும் காணாமல் போகும். பெட்டி அனலாக் சிக்னலைத் தன்னைத் தாண்டி விடாது. சிறு நிலையங்களின் சங்கம் 2008-இல் இதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது, பலிக்கவில்லை.

901 இதைத் தீர்த்தது. பெட்டியை அணைத்தால் ஆன்டெனாவில் வருவது அப்படியே டிவிக்குப் போய்விடும். அனலாக் கடத்தல் என்று இதைச் சொல்லலாம். இன்சிக்னியா மாடலின் வாலில் உள்ள ஏபிடி என்ற மூன்று எழுத்தும் இதைத்தான் குறிக்கிறது. ஆகவே போர்டின்படி பிரித்தால் 900-உம் டிஎக்ஸ்ஏ1-உம் ஒரு ஜோடி. 901-உம் ஏபிடியும் இன்னொரு ஜோடி. ஜெனித்தா இன்சிக்னியாவா என்று கடையில் மண்டையை உடைத்துக்கொண்டவர் ஒன்றுமில்லாத வித்தியாசத்தை எடை போட்டார். ஏபிடி இருக்கிறதா என்று பார்த்தவர்தான் கெட்டிக்காரர். டிஜிட்டல் ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பிராண்டிலும் இதே கதை: டிடிஎக்ஸ்9900-இல் கடத்தல் இல்லை, டிடிஎக்ஸ்9950-இல் உண்டு.

ஒரு வசதியைக் கூட்ட இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். போர்டில் அதற்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் காரணம் புரியும். டிவிக்குப் போகும் துளை ஒன்றுதான். பெட்டி ஓடும்போது அந்தத் துளையில் 3-ஆம் சேனல் சிக்னல் போக வேண்டும். அணைந்திருக்கும்போது ஆன்டெனா சிக்னல் போக வேண்டும். ஆக, வெளிவாசலில் ஒரு சுவிட்ச் கட்டாயம். நுழைவாசலில் இரண்டு வழி உண்டு. மலிவான வழி, சிக்னலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ட்யூனருக்கும் மறுபாதியைக் கடத்தலுக்கும் கொடுத்துவிடுவது. லட்சம் கோடியில் ஐந்து பங்கு என்று பார்த்தோமே, அது ட்யூனருக்குப் போகும்போது இரண்டரையாகிவிடும். அனலாக்கில் என்றால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், அவ்வளவுதான். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் அளவு வரை துல்லியமான படம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பாதி போனால் சேனலே போய்விடும்.

இரண்டாவது வழி, நுழைவாசலிலும் சுவிட்ச் வைத்து முழுச் சிக்னலையும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்புவது. அந்த வேலைக்கு ரிலே வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. மின்சாரம் இல்லாதபோது ரிலே தானாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்தைக் கடத்தலுக்கு ஒதுக்கிவிட்டால் உறங்கும் பெட்டி அதற்காக ஒரு துளி மின்சாரமும் செலவழிக்க வேண்டாம். 2 வாட் என்ற கணக்குக்குப் பங்கம் வராது. ரிலே விலை கூடுதல், இடமும் அடைக்கும். நாற்பது டாலர் கூப்பனுக்குப் பக்கத்திலேயே விலையை நிறுத்த நினைத்தவர்கள் ஒவ்வொரு சில்லறையையும் எண்ணித்தான் பார்த்திருப்பார்கள்.

2021 ஜூலை 13-உடன் அமெரிக்காவின் சிறு நிலையங்களும் அனலாக்கை நிறுத்திவிட்டன. அலாஸ்காவில் சிலவற்றுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. கடத்துவதற்கு இனி எதுவும் இல்லை. இன்று பழைய பொருள் கடையில் 901-ஐ அதிக விலைக்கு யாராவது விற்றால் அந்த அதிக விலைக்கு அர்த்தமில்லை.

ஆளில்லாத இடங்கள்

ஒரே போர்டிலிருந்து இரண்டு மாடல் செய்வது மின்னணுத் தொழிலில் நித்திய வழக்கம். புதிய போர்டு வரைந்து சோதிப்பது செலவான வேலை. எனவே எல்லா வசதிக்கும் இடம் விட்டு ஒரு முறை வரைந்துகொள்வார்கள். எளிய மாடலுக்குச் சில பாகங்களைப் பொருத்தாமல் விட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்தால் வெள்ளை மையில் அச்சிட்ட கட்டமும் எண்ணும் இருக்கும். ஈயம் பூசிய பளபளப்பான திட்டுகள் இருக்கும். பாகம் மட்டும் இருக்காது. கன்வர்ட்டர் பெட்டிகளில் எஸ்-வீடியோவும், ஸ்மார்ட் ஆன்டெனாவுக்கான துளையும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வகைதான். இப்படிப்பட்டவைதான் பொதுவாகக் காலி இடமாகத் தெரியக்கூடியவை. அந்தக் காலி இடம் இந்த மாடலைப் பற்றிச் சொல்வதைவிட அண்ணன் மாடலைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

இன்னொரு தடயம் இன்னும் சிறியது. அரிசி மணியைவிடச் சின்னதாக, மேலே 0 என்று அச்சிட்ட கறுப்புச் சில்லு. அது ரெசிஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் எதையும் தடுக்காது. மின்னோட்டத்தைத் தடுக்காத தடை எதற்கு? அது ஒரு பாலம். இந்த இடத்தில் வைத்தால் ஒரு வழி திறக்கும். பக்கத்து இடத்தில் வைத்தால் வேறு வழி. தொழிற்சாலை எந்திரம் பாகங்களைப் பொருத்தும் அதே ஓட்டத்தில் இதையும் பொருத்திவிடும், தனியாக வயர் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். இரண்டு போர்டு படங்களைப் பக்கத்தில் வைத்து 0 எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். இடம் மாறியிருந்தால் அங்கே ஒரு முடிவு மாறியிருக்கிறது.

போர்டில் எதுவுமே மாறாமல் நடத்தை மாறுவதும் உண்டு. எட்டுக் காலுள்ள சிறு ஃப்ளாஷ் சிப்பில் எழுதிய மென்பொருள் வேறாக இருந்தால் மெனுவும் நிகழ்ச்சிப் பட்டியலும் வேறாகும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உப்பும் கண்டன்சர்

ஒரே மாடல், ஒரே போர்டு எண், ஆனால் ஒன்று மூன்று வருடத்தில் செத்துவிடுகிறது, மற்றது ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கும் பெரும்பாலும் போர்டிலேயே விடை உண்டு.

மின்சாரப் பகுதியில் உள்ள உருளைக் கண்டன்சர்களுக்குள் ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல உலர்கிறது. அதன் உடம்பில் 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தால், அந்தச் சூட்டில் இவ்வளவு மணி நேரம் தாங்கும் என்று செய்தவர் உறுதி சொல்கிறார். சாதாரண ரகத்துக்கு 2,000 மணி என்று வைத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. மூடிய பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் நாற்பது டிகிரி குறைவு. நான்கு முறை இரட்டித்தால் 32,000 மணி. இரவும் பகலும் மின்சாரம் ஓடினால் அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே கண்டன்சரை ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து 55 டிகிரியில் நிறுத்தியிருந்தால் ஏழு ஆண்டு. முதலில் சொன்ன 65 டிகிரி இடத்தில் 85 டிகிரி ரகத்தைப் போட்டிருந்தால் ஒரு வருடம்கூடத் தேறாது.

அதனால் இரண்டு போர்டுகளை ஒப்பிடும்போது கண்டன்சரின் பிராண்டைவிட அதன் மேல் எழுதிய டிகிரியையும், அது எந்தச் சூட்டுப் பாகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் போயிற்று. அடியில் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசை சூட்டில் நிறம் மாறியும் அப்படித் தெரியும். இங்கே அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள்.

திறப்பதற்கு முன்

உங்கள் வீட்டிலேயே பழைய செட்டாப் பாக்ஸ் இரண்டு கிடந்தால் இதைச் செய்து பார்க்கலாம். போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும், பெரும்பாலும் ரெவ் என்று தொடங்கும் திருத்த எண்ணும் இருக்கும். முதலில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே உயரத்தில் இரண்டையும் படம் எடுங்கள். மின்சார மூலை, ட்யூனர், பெரிய சிப், வளைந்த கோடுகள், காலி இடங்கள் என்று அதே வரிசையில் பாருங்கள். கையால் தொடாமலே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும்.

தொடத்தான் வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. மின்வயர் நேராகப் பெட்டிக்குள் போகும் மாடல்களில் அந்தப் பெரிய கண்டன்சர் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு அது 170 வோல்ட் வரை. நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 325 வோல்ட். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் இணைத்து இறக்கும் பழக்கம் வேண்டாம்; பொறி பறக்கும், போர்டும் கெடும். பிளக்கைக் கழற்றிச் சிறிது நேரம் விடுங்கள். பிறகு அந்தக் கண்டன்சரின் கால்களில் மீட்டரை வைத்து, அளவு 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே போர்டில் கை வையுங்கள்.